மலைக்காடும் பனிநீரும்

காடு இருந்தால் ஆறு ஓடும். காடு அழிந்தால் ஆறு வற்றும். இந்நம்பிக்கை பன்னெடுங் காலமாகப் பல நாட்டு மக்களிடையே வழங்கி வருவது. இதற்கு நேர்மாறான கருத்தும் ஒன்று உண்டு. மரங்கள் நிலத்து நீரை உறிஞ்சி வானுக்கு அனுப்பிவிடுகின்றன. ஆதலின் மரங்களைக் குறைத்தால் ஓடையில் நீர் பெருகும் என்பது அது. இவ்விரண்டில் எது உண்மை என்று வாதித்தோர் பலர். அளந்து பார்க்க முனைந்தோர் சிலர். அச்சிலர் ஐக்கிய அமெரிக்காவின் மலைநாட்டில், பனி மூடிய ஒரு சிற்றோடையின் அருகே, அரை நூற்றாண்டுக்கு மேலாக நடத்திய ஆராய்ச்சியின் வரலாறே இப்பேச்சின் பொருளாகும்.

அந்நாட்டின் மேற்குப் பகுதியில் கொலராடோ என்னும் மாநிலம் உள்ளது. அதன் நடுவே வடக்குத் தெற்காக றொக்கி மலைத்தொடர் செல்கின்றது. மலைத்தொடரின் கிழக்கே பரந்த சமவெளி. மழை குறைந்த நிலம். டென்வர் என்னும் பெருநகர் அச்சமவெளியின் விளிம்பில் அமைந்துள்ளது. மலையின் மேற்கே வீழும் நீரோ கொலராடோ ஆற்றில் கலந்து, ஏழு மாநிலங்களின் வயல்களுக்கும் நகரங்களுக்கும் பங்கிடப்படுகின்றது. அப்பங்கீட்டுக்கென 1922ஆம் ஆண்டிலேயே ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. மேற்கே பாயும் பிறேசர் ஆற்றின் நீரில் ஒரு பகுதியை மலையைக் குடைந்த மொபற் சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பி, 1936ஆம் ஆண்டு முதல் டென்வர் நகரம் பெற்று வருகின்றது. மலையையே குடைந்து நீர் கொண்டுவரும் நாட்டிலே, காட்டைச் சிறிது திருத்தினால் இன்னும் சிறிது நீர் கிடைக்குமா என்ற வினா எழுந்ததில் வியப்பில்லை.

அம்மலைகளின் நீர் பெரும்பாலும் மழையாக வருவதன்று. ஐப்பசி தொடங்கிச் சித்திரை வரையில் வானிலிருந்து பஞ்சுத் துகள்போல் மழைப்பனி விழுகின்றது. நுவரெலியாவில் தை மாதத்து விடியற்காலையிற் புல்நுனியில் வெண்மையாகக் காணப்படுவது உறைபனி. அது நிலத்தருகிலுள்ள ஈரம் குளிரால் உறைந்து உண்டாவது. மழைப்பனியோ முகிலிலேயே உருவாகி விழுவது. றொக்கி மலையில் அது உருகாமல் மாதக்கணக்காக நிலத்தின்மேல் ஏறிக்கொண்டே போகும். இளவேனில் வந்ததும் அத்தனையும் சில வாரங்களுள் உருகி ஓடைகளில் இறங்கும். ஆகவே, குளிர்காலத்துப் பனிப்போர்வை அந்நாட்டுக்கு ஓர் இயற்கைக் குளம் போன்றது. அக்குளத்தில் எவ்வளவு சேர்கின்றது, எப்பொழுது திறக்கின்றது என்பதே உழவனின் கவலையும் நகரத்தாரின் கவலையுமாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதுபற்றி அமெரிக்காவிற் கடும் வாதம் நடந்தது. வனத் திணைக்களத்தின் தலைவராயிருந்த கிபேர்ட் பின்சொட், காடுகளே ஆறுகளின் பாதுகாவல் என்ற கொள்கையினர். இராணுவப் பொறியியலாளரான ஹைரம் சிற்றெண்டன் 1908ஆம் ஆண்டில் அக்கொள்கையை மறுத்து எழுதினார். காட்டினுள்ளே பனி எங்கும் சமமாகப் பரந்து கிடப்பதால் ஒருங்கே உருகிவிடுகின்றது. வெட்டவெளியிலோ காற்றினாற் குவிக்கப்பட்ட பனிக்குவியல்கள் நெடுநாள் நின்று மெல்ல மெல்ல நீர் தருகின்றன என்பது அவர் வாதங்களுள் ஒன்று. இருசாராரும் தாம் கண்டவற்றைச் சான்றாகக் காட்டினர். ஆயினும் இரு சாராரிடமும் அளவு இல்லை.

அளப்பது எளிதன்று. காடுள்ள ஒரு பள்ளத்தாக்கையும் காடற்ற ஒரு பள்ளத்தாக்கையும் எடுத்து, இரண்டின் ஓடைகளையும் அளந்து ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். சுவிற்சர்லாந்து நாட்டில் அவ்வாறே செய்தனர். ஆனால், இரு பள்ளத்தாக்குகள் மரத்தால் மட்டும் வேறுபடுவதில்லை. மண்ணின் ஆழம் வேறு, சரிவு வேறு, வெயில் விழும் திசை வேறு. ஓடைநீரிற் காணும் வேற்றுமை மரத்தால் வந்ததா, மண்ணால் வந்ததா என்று பிரித்துக்கூற வழியில்லாமற் போயிற்று.

இக்குறையை நீக்கும் வழியை 1910ஆம் ஆண்டில் அமெரிக்கர் கைக்கொண்டனர். றியோ கிராண்டே ஆற்றின் தலைப்பகுதியில், வண்டிச்சக்கரக் கணவாய் என்று பொருள்படும் வகன் வீல் காப் என்னும் இடத்தில், அடுத்தடுத்துள்ள இரண்டு சிறு நீரேந்து பிரதேசங்களைத் தெரிந்தெடுத்தனர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 ஏக்கர். வனத் திணைக்களமும் வானிலைத் திணைக்களமும் சேர்ந்து நடத்திய பணி அது. கோடரியை உடனே எடுக்கவில்லை. முதலில் எட்டு ஆண்டுகள் இரண்டு ஓடைகளையும் வெறுமனே அளந்தனர். ஓர் ஓடை இவ்வளவு ஓடினால் மற்றையது எவ்வளவு ஓடும் என்ற உறவு அவ்வளவைகளால் தெரியவந்தது. 1919ஆம் ஆண்டில் ஒன்றின் மரங்களை வெட்டினர், மற்றையதைத் தொடவில்லை. பின்னர் 1926ஆம் ஆண்டு வரையில் மீண்டும் அளந்தனர். தொடாத ஓடையின் நீரைக் கொண்டு, வெட்டிய பள்ளத்தாக்கில் வெட்டாதிருந்தால் எவ்வளவு நீர் வந்திருக்கும் எனக் கணக்கிட்டனர். உண்மையில் வந்த நீருக்கும் கணக்கிட்ட நீருக்கும் உள்ள வேற்றுமையே கோடரியின் பயன்.

1928ஆம் ஆண்டில் கார்லோஸ் பேற்ஸ், அல்பிரட் ஹென்றி என்னும் இருவர் முடிவை வெளியிட்டனர். அங்கே ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 21 அங்குல நீருக்குச் சமம். அதில் ஏறக்குறைய 6 அங்குலமே முன்னர் ஓடையில் ஓடியது. மரம் வெட்டிய பின்னர் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடியது. காடழிந்தால் ஓடை வற்றும் என்ற நம்பிக்கைக்கு அவ்விடத்தில் ஆதரவு கிடைக்கவில்லை. ஆயினும், கூடிய நீரின் பெரும்பகுதி இளவேனில் வெள்ளத்திலேயே வந்தது. வெட்டிய இடத்தில் அஸ்பென் மரங்கள் விரைவில் தழைத்துவிட்டன. பனி மிகுந்த உயர்ந்த மலைகளின் அடர்ந்த ஊசியிலைக் காடுகளில் விளைவு எப்படியிருக்கும் என்ற வினா எஞ்சி நின்றது.

இதற்கிடையில் பனியை அளக்கும் கலையும் வளர்ந்திருந்தது. நெவாடா மாநிலத்தில் இலத்தீன் மொழி கற்பித்த பேராசிரியர் ஜேம்ஸ் சேர்ச் என்பவர், மலையேறுவதில் விருப்பமுடையவர். பனியின் ஆழத்தை மட்டும் அளப்பதால் பயனில்லை என்பதை அவர் உணர்ந்தார். புதிதாக விழுந்த பனி பஞ்சுபோல் இலேசானது, பழையது கனத்தது. எனவே உள்ளே வெறுமையான ஒரு நீண்ட குழாயைப் பனியினுள் நிலம் தொடும்வரை செலுத்தி, அதனுள் அகப்பட்ட பனியோடு எடுத்து நிறுக்கும் முறையை அமைத்தார். நிறையிலிருந்து அப்பனி எத்தனை அங்குல நீருக்குச் சமம் என்பது தெரியும். முற்றிலும் அடர்ந்த காட்டினும், முற்றிலும் வெறுமையான வெளியினும், தேன்கூட்டிற் கண்கள் இருப்பதுபோல் இடையிடையே சிறு வெளிகள் கொண்ட காடே பனியை நன்கு காக்கும் என்பதையும் அவர் கண்டுகூறினார்.

1937ஆம் ஆண்டில், டென்வர் நகருக்கு மேற்கே ஏறக்குறைய 50 மைல் தொலைவில், பிறேசர் பரிசோதனைக் காடு நிறுவப்பட்டது. பரப்பு 23,000 ஏக்கர். அங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 30 அங்குல நீர் வானிலிருந்து கிடைக்கின்றது. அதில் மூன்றில் இரண்டு பங்கு பனி. முதலிற் சிறு சிறு நிலத் துண்டுகளில் மரங்களை வெவ்வேறு அளவில் வெட்டிப் பார்த்தனர். மரம் குறையக் குறைய, நிலத்தை அடையும் பனிநீர் கூடியது என வில்ம், டன்போர்ட் என்னும் இருவர் 1948ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஆனால், ஒரு நிலத் துண்டிற் கூடிய பனி, முழுப் பள்ளத்தாக்கின் ஓடையிலும் நீராகக் கூடுமா? அதற்கு ஒரு பள்ளத்தாக்கையே சோதிக்க வேண்டியிருந்தது.

அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட ஓடையின் ஆங்கிலப் பெயருக்கு மூடன் ஓடை என்பது பொருள். அதன் நீரேந்து பிரதேசம் 714 ஏக்கர். அருகிலுள்ள கிழக்கு சென் லூயிஸ் ஓடை அதற்குத் துணையாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. அதன் காட்டில் ஒரு மரமும் வெட்டப்படக்கூடாது என விதித்தனர். 1940ஆம் ஆண்டுகளின் தொடக்கம் முதல் நீரளவை நடந்தது. இத்தகைய அளவை நிலையம் ஒன்றில் ஓடையின் குறுக்கே திட்டமான அளவுடைய ஒரு வழியமைத்து, அதனூடே நீரைச் செலுத்துவர். நீர்மட்டம் ஏறி இறங்குவதை ஒரு மிதவை உணர்ந்து, மணிக்கூட்டுப் பொறியாற் சுழலும் தாளில் எழுதுகோலாற் கோடிடச் செய்யும். அக்கோட்டிலிருந்து ஓடிய நீரின் அளவு கணிக்கப்படும். இவ்வாறு பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர்.

1950ஆம் ஆண்டு தொடங்கி இரண்டாண்டுகளிற் பாதைகள் அமைக்கப்பட்டன. 1954ஆம் ஆண்டு முதல் 1956ஆம் ஆண்டு வரை மரங்கள் வெட்டப்பட்டன. பைன், ஸ்புறூஸ் முதலிய ஊசியிலை மரங்கள் நிறைந்த காட்டை நீண்ட பட்டைகளாகப் பிரித்து, ஒரு பட்டையை வெட்டி, அடுத்ததை விட்டனர். நில அளவையாளர் பயன்படுத்தும் சங்கிலியின் நீளம் 66 அடி. அகலத்தால் வரும் வேறுபாட்டை அறிய, ஒரு சங்கிலி, இரண்டு சங்கிலி, மூன்று சங்கிலி, ஆறு சங்கிலி என வெவ்வேறு அகலமான பட்டைகள் வெட்டப்பட்டன. பள்ளத்தாக்கின் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு 40 பங்கு இவ்வாறு வெறுமையாயிற்று.

விளைவு தெளிவாக இருந்தது. வெட்டிய பின் வந்த ஆண்டுகளில், ஓடைநீர் சராசரியாக மூன்று அங்குலத்துக்குச் சிறிது மேலாகக் கூடியது. அதாவது, 714 ஏக்கர் முழுவதிலும் மூன்று அங்குல ஆழத்துக்குப் பரப்பக்கூடிய நீர், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஓடையில் வந்தது. வெட்டாதிருந்தால் வந்திருக்கக்கூடிய நீரைவிட இது நூற்றுக்கு 40 மிகுதி.

இந்நீர் எங்கிருந்து வந்தது? முதற் காரணம் மண்ணில் இருந்தது. கோடையில் மரங்கள் தம் வேர்களால் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி இலைகளின் வழியே வெளியிடுகின்றன. இலையுதிர் காலத்தில் காட்டுமண் வறண்டுவிடும். மறு இளவேனிலில் உருகும் பனிநீர் முதலில் அவ்வறண்ட மண்ணை நிரப்பியாக வேண்டும். மிஞ்சியதே ஓடைக்குச் சேரும். மரம் வெட்டிய பட்டையிலோ மண் முன்னமே ஈரமாயிருக்கும். அங்கே உருகும் நீர் தாமதமின்றி ஓடையை அடையும்.

இரண்டாவது காரணம் பற்றிய வரலாறு அறிவியலின் இயல்பை நன்கு காட்டுவது. வெட்டிய பட்டைகளிற் பனி மிகுதியாகக் கிடந்ததை எல்லாரும் கண்டனர். அது புதிய பனியா, பக்கத்துக் காட்டிலிருந்து காற்றால் அடித்து வரப்பட்ட பனியா? 1967ஆம் ஆண்டில் ஹூவர், லீவ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் அளவைகளை ஆராய்ந்து, பள்ளத்தாக்கு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பனி கூடவில்லை, இடம் மாறியதே உண்மை என்று முடிவு செய்தனர். மரக்கிளைகளில் தங்கும் பனி ஆவியாகி வீணாவது மிகச் சிறிதே என்பது அதனால் பெறப்பட்டது. அம்முடிவு பல்லாண்டு காலம் ஏற்கப்பட்டிருந்தது. ஆயினும் அளவை நிற்கவில்லை. 1985ஆம் ஆண்டில் ட்ரெண்டில், கிங் என்னும் இருவர், முப்பது ஆண்டுக் கணக்கை எடுத்து மீண்டும் ஆராய்ந்தனர். நீண்ட கணக்கு வேறொன்றைக் காட்டியது: பள்ளத்தாக்கு முழுவதிலுமே பனியின் நீரளவு நூற்றுக்கு 9 பங்கு கூடியிருந்தது. கிளைகளில் தங்கும் பனியில் ஒரு பகுதி, உருகாமலே நேராக ஆவியாகிக் காற்றிற் கலந்துவிடுகின்றது. பதங்கமாதல் என்று இதனை அழைப்பர். கிளைகள் இல்லாத இடத்தில் அவ்விழப்பும் இல்லை. சில ஆண்டுகளின் அளவையால் மறைந்திருந்த உண்மையைப் பல ஆண்டுகளின் அளவை வெளிக்கொணர்ந்தது.

வெளியின் அளவும் முக்கியமானது எனப் பிறேசர் ஆராய்ச்சிகள் காட்டின. சூழ நிற்கும் மரங்களின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு அகலமுள்ள வெளியிற் பனி மிகுதியாகச் சேர்கின்றது. அதனினும் மிகப் பெரிதான வெளியிற் காற்று நுழைந்து, விழுந்த பனியை வாரிச் சென்றுவிடுகின்றது. தேன்கூட்டை ஒத்த காடு என்று சேர்ச் கூறியது இவ்வாறு அளவினால் விளக்கம் பெற்றது.

இவ்வளவையுங் கேட்டவர், மரங்களை வெட்டினால் நீர்ப்பஞ்சம் தீரும் என்று முடிவு செய்யக்கூடும். அங்கேதான் கணக்கை முழுவதும் படிக்க வேண்டும். கூடிய நீரின் பெரும்பகுதி மே மாதத்தில், ஏற்கெனவே ஓடைகள் பெருகியோடும் பருவத்திலேயே வந்தது. வெள்ளத்தின் உச்சி நூற்றுக்கு 23 பங்கு உயர்ந்தது. அவ்வுச்சி முன்னையினும் ஏறக்குறைய ஒரு வாரம் முந்தி வந்தது. பயிர் வாடும் கோடை இறுதியில் ஓடை ஏறக்குறைய முன்போலவே ஓடியது. மேலும், பனி மிகுந்த ஆண்டுகளில் ஆதாயம் பெரிதாகவும், வறட்சி ஆண்டுகளிற் சிறிதாகவும் இருந்தது. நீர் மிகவும் வேண்டப்பட்ட ஆண்டில், காட்டை வெட்டிப் பெற்ற நீர் மிகக் குறைவு. மே மாதத்து நீரைத் தேக்கி வைக்க நீர்த்தேக்கம் உடையவனுக்கு அது செல்வம். தேக்கம் இல்லாதவனுக்கு அது கரை கடந்த வெள்ளம்.

மண்ணும் கணக்கிற் சேரவேண்டியது. பாதை அமைத்த ஆண்டுகளிலும் மரம் வெட்டிய ஆண்டுகளிலும் ஓடையில் வண்டல் கூடியது. பின்னர் அது தணிந்தது. பாதைகளை ஓடையைவிட்டு விலக்கி, கவனத்துடன் அமைத்த இடத்திலேயே நிலை இதுவானால், கவனமின்றி அமைக்கும் இடத்தில் ஓடையின் கதி என்னவென்று கூறவேண்டியதில்லை.

வெட்டிய பட்டைகளில் இளமரங்கள் முளைத்து வளர வளர, கூடிய நீர் மெல்லக் குறைந்து வந்தது. குளிர்நாட்டில் மரம் மெதுவாகவே வளரும். ஓடை பழைய நிலையை முற்றாக அடைய எழுபது எண்பது ஆண்டுகள் ஆகுமென மதிப்பிட்டனர். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் கோடரியின் அடையாளம் ஓடைநீரில் அளந்தறியக்கூடியதாகவே இருந்தது. மூன்றே ஆண்டுகளிற் செய்த வேலையின் விளைவைக் காண ஒரு மனித வாழ்நாள் வேண்டியிருந்தது.

இருபத்தொராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மனிதன் செய்யாத ஒரு சோதனையை ஒரு சிறு வண்டு செய்தது. பைன் மரத்தின் பட்டையைத் துளைக்கும் அவ்வண்டுகள் பெருகியதால், கொலராடோவின் மலைகளிற் பெருந்தொகையான மரங்கள் பட்டுப்போயின. மரம் வெட்டியபோது ஓடைநீர் பெருகியதுபோல் இப்பொழுதும் பெருகும் எனப் பலர் எதிர்பார்த்தனர். ஆயின், பல ஓடைகளில் எதிர்பார்த்த பெருக்கம் காணப்படவில்லை. பட்ட மரங்கள் சாயாமல் நின்றன. அவற்றின் அடியில் இளமரங்களும் செடிகளும் ஒளி பெற்று விரைந்து வளர்ந்து நீரை எடுத்தன. வெயிலும் காற்றும் பனியின்மேல் முன்னையினும் தாராளமாகப் பட்டன. வெட்டி அகற்றிய காடும் நின்றபடி பட்ட காடும் ஒன்றல்ல என்பது தெளிவாயிற்று.

ஆகவே, மூடன் ஓடையின் விடையை அவ்வோடைக்குரிய விடையாகவே கொள்ளுதல் தகும். உயர்ந்த இடம், குளிர்ந்த வானிலை, மாதக்கணக்காகத் தங்கும் பனி, நீரை எளிதில் உட்கொள்ளும் காட்டுமண் என்பன சேர்ந்து தந்த விடை அது. பனியே அறியாத, பெருமழை சாய்வான மண்ணின்மேல் நேராக விழும் மலைகளுக்கு இதனை அப்படியே எடுத்துச் செல்வது தவறாகும். எடுத்துச் செல்லத்தக்கது அவர்கள் கையாண்ட முறை. முதலில் அளந்தார்கள்; காத்திருந்தார்கள்; பின்னரே வெட்டினார்கள்; வெட்டிய பின்னரும் அளப்பதை நிறுத்தவில்லை; முன்னோர் கூறிய முடிவு தவறெனக் கண்டபோது அதனைத் திருத்திக்கொண்டார்கள்.

இத்தனையிலும் பெரும் பங்கு கிழக்கு சென் லூயிஸ் ஓடையினுடையது. அங்கே ஒரு மரமும் வெட்டப்படவில்லை. ஆண்டாண்டாக நீர் மட்டுமே அளக்கப்பட்டது. அவ்வோடையின் கணக்கு இல்லாதிருந்தால், மூடன் ஓடையிற் கூடிய நீரைக் கோடரி தந்ததா, நல்ல பனிப்பருவம் தந்ததா என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. வெட்டிய காட்டைப்பற்றி அறிவதற்கும், வெட்டாத காடு ஒன்று நிலைத்து நிற்க வேண்டியிருந்தது.